எங்க குளத்துப் பங்காளிகள்

2025 ஜனவரி வரைக்கும் எனக்குத் தெரிந்த பறவைகள் மொத்தம் நாலே நாலுதான். காக்கா, குருவி, கோழி, சிக்கன் 65. கடைசி இரண்டும் ஒன்றுதானே என்று என் சம்சாரம் கேட்பாள். பி.காம். படித்தவனுக்கு ஒன்றல்ல. முதலாவது கச்சாப்பொருள், இரண்டாவது தயாரான சரக்கு. லெட்ஜரில் தனித்தனிப் பக்கம்.

இப்படிப்பட்ட என்னைப் போய்ப் பறவை எண்ணக் கூப்பிட்டார் ஒரு வாத்தியார் நண்பர்.

"ஏல, பொங்கல் முடிஞ்சு வாற சனி, ஞாயிறு சும்மாத்தான இருப்ப?"

சும்மாத்தான் இருந்தேன். பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஏழு வருஷம் அடுத்தவர் லாபத்தைக் கூட்டிக் கூட்டிக் கை ஓய்ந்துபோய், இப்போது பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிற ஆசாமி நான். எனக்கு எல்லாக் கிழமையும் ஞாயிற்றுக்கிழமை.

"குளத்துல பறவை எண்ணப் போறோம். ஆள் பத்தல. நீ பி.காம். தான? எண்ணத் தெரியுமில்லா?"

என் பட்டத்தை அதுவரை யாரும் இவ்வளவு சரியாக மதிப்பிட்டதில்லை.

விஷயம் இதுதான். பொதிகை மலையில் பிறந்து, புன்னைக்காயலில் கடலில் கலக்கிற தாமிரபரணிக்கு எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று ஆரம்பித்து மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரைக்கும். அந்த அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய்கள். கால்வாய்களிலிருந்து குளங்கள். ஒரு குளம் நிறைந்தால் மறுகால் விழுந்து அடுத்த குளம். இந்தக் குளங்களிலும், மழையை நம்பியிருக்கிற மானாவாரிக் குளங்களிலும் எத்தனை பறவை இருக்கிறது என்று 2011 முதல் வருஷா வருஷம் ஜனவரியில் எண்ணுகிறார்கள். தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பு என்று பெயர். மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையமும், தூத்துக்குடி பேர்ல் சிட்டி நேச்சர் டிரஸ்ட்டும், நெல்லை நேச்சர் கிளப்பும் கூட்டுச் சேர்ந்து நடத்துகிற வேலை. எண்ணப் போகிறவர்கள் காலேஜ் பிள்ளைகள், வாத்தியார்கள், ரிட்டையர் ஆனவர்கள், என்னைப் போல ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள். சம்பளம் கிடையாது. பைனாகுலர் இரவல் கிடைக்கும்.

"எதுக்கு எல்லாக் குளத்தையும் ஒரே சமயத்துல எண்ணணும்? ஒவ்வொரு மாசம் ஒவ்வொரு குளமா எண்ணக் கூடாதா?" என்று நான் புத்திசாலித்தனமாகக் கேட்டேன்.

வாத்தியார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "போன மாசம் அந்தக் குளத்துல எண்ணின நாரையே இந்த மாசம் இந்தக் குளத்துக்கு வந்து நிக்கும். ரெண்டு தடவ எழுதிருவ."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கிளை விட்டுக் கிளை சரக்கு மாற்றுவது! எல்லாக் கிளைக்கும் மார்ச் 31 அன்றுதான் ஸ்டாக் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மூட்டை இரண்டு கிளையின் கணக்கிலும் வந்துவிடும். பறவைக்கு மார்ச் 31 ஜனவரியில் வருகிறது, அவ்வளவுதான். ஆசியா முழுக்க இப்படித்தானாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்று 1987 முதல் ஜனவரியில் பல தேசங்களில் எண்ணுகிறார்கள். உலகம் பூராவும் கணக்குப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

முந்தின நாள் பயிற்சி. ஆயிரம் பறவை மொத்தமாக மிதந்தால் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்து எண்ணி அது எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பத்துப் பத்தாகவோ, ஐம்பது ஐம்பதாகவோ அளந்துகொண்டே போக வேண்டும். "இது குத்துமதிப்பு இல்லையா?" என்றேன். "உங்க ஆடிட்டர் மட்டும் ஒவ்வொரு வவுச்சராவா பாத்தாரு?" என்றார் வாத்தியார். அதற்கு மேல் நான் கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் பொங்கலுக்கு எடுத்த மஞ்சள் சட்டையோடு போய் நின்றேன். ஐந்து மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கொக்குக்கும் தெரிகிற மஞ்சள். வாத்தியார் ஒன்றும் சொல்லாமல் தன் பழைய காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு வண்டியை ஓட்டினார்.

எங்கள் குழுவுக்கு விழுந்த முதல் குளம் எதுவென்று போகிற வழியில்தான் தெரிந்தது. என் சொந்தத் தாய்மாமா ஊர்க் குளம்! ஊர்ப் பெயரை எழுதினால் மாமா கோபித்துக்கொள்வார். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் லீவுக்குப் போய் நீச்சல் பழகின குளம். மடைப் பக்கம் சாஸ்தா கோயில், அதற்கு மேலே ஆலமரம், அந்தக் கரை பூராவும் பனை. குளத்துக்குள்ளே கருவேல மரங்கள். (சீமைக் கருவேலம் இல்லை. அது வில்லன். இது நம்ம நாட்டுக் கருவேலம். இரண்டுக்கும் பெயர் ஒன்றாகப் போனதில் இந்த மரத்துக்கு எவ்வளவு மானநஷ்டம் தெரியுமா!)

பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. முப்பத்தைந்து வயது வரைக்கும் நான் அந்தக் குளத்தைப் பார்த்ததே இல்லை என்று தெரிந்தது. கறுப்பாக, நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு நாமக்கோழிகள், திருப்பதிக் கூட்டம் மாதிரி. விசில் அடித்துக்கொண்டு சீழ்க்கைச் சிறகிகள். சேற்றில் அரிவாள் மூக்கன்கள், தொலைத்த சில்லறையைத் தேடுகிற மாதிரி. கருவேல மரம் ஒவ்வொன்றிலும் கூடுகள். கீழ்க்கிளையில் நீர்க்காகமும் கொக்கும், மேல்மாடியில் மஞ்சள் மூக்கும் ரோஸ் நிறப் பின்னலங்காரமுமாக ஒரு பெரிய நாரை. "சங்குவளை நாரை" என்று வாத்தியார் காதில் கிசுகிசுத்தார்.

"நாமக்கோழி... முன்னூத்திப் பத்து... முன்னூத்தி இருபது..." என்று நான் சுருதி சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தபோது,

டமார்!

அணுகுண்டு வெடி. அடுத்து இன்னொன்று. குளம் மொத்தமும் ஒரே நேரத்தில் எழுந்து வானத்துக்குப் போனது. நான் எழுதிய என்ட்ரி எல்லாம் என் கண் முன்னாலேயே பறந்துகொண்டிருந்தது. புகைக்குள்ளிருந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஊதுபத்தியோடு ஒரு உருவம் வந்தது.

என் மாமா!

"ஏ மருமவனே! நீயா? இங்கன என்ன செய்யுத? யாரு சட்டைடே இது?"

மாமா அந்தக் குளத்தின் மீன்பாசிக் குத்தகைதாரர். இந்த விவரம் எனக்குத் தெரியும். ஆனால் மீனுக்கும் பறவைக்கும் இருக்கிற சம்பந்தம் அதுவரை எனக்கு உறைக்கவில்லை. "ஒரு நீர்க்காகம் ஒரு நாளைக்கு அரைக் கிலோ முழுங்குது மருமவனே. நான் குஞ்சு வாங்கி விட்டு, தீவனம் போட்டு, அவன் தின்னுட்டுப் போறான். இதுல நீங்க வேற வந்து எத்தன பேரு சாப்பிட்டான்னு கணக்கு எடுக்கீய. பரிமாறுத இலைக்குப் பக்கத்துல நின்னு எண்ணுத மாதிரி!"

வாத்தியார் பேச வாயெடுத்தார். நான் கையைப் பிடித்து அமுக்கினேன். மாமாவின் கோபத்துக்குக் காரணம் நீர்க்காகம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்று, ஜனங்கள் உள்ளேயே தவித்தார்கள். எத்தனையோ குளங்கள் உடைந்தன. எங்கள் குளமும்தான். மாமா விட்டிருந்த கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் டிக்கெட் வாங்காமல் கடலுக்குப் போய்விட்டன. "மன்னார் வளைகுடாவுல எவனோ வலையில கட்லா மாட்டி முழிச்சிருப்பாம்லே" என்று மாமா சிரித்தபடிதான் சொல்வார். ஆனால் மறுபடி குஞ்சு வாங்க அத்தையின் ஐந்து பவுன் செயின் பாங்குக்குப் போனது. அதைச் சிரித்தபடி சொல்ல அவருக்கு வரவில்லை.

அன்று மத்தியானம் மாமா வீட்டில்தான் சாப்பாடு. அத்தை கூந்தன்குளத்துப் பக்கத்து ஊர்க்காரி. கூந்தன்குளத்தை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1994இல் சரணாலயம் ஆனது. 2022இல் ராம்சர் ஈரநிலம் என்றும் அறிவித்தார்கள். ஆனால் அதற்கெல்லாம் ரொம்ப முன்னாலேயே அந்த ஊர் ஜனங்கள் பறவையோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். வீட்டுக் கொல்லை மரத்தில், தெருப் புளியமரத்தில் எல்லாம் நாரை கூடு கட்டும். தீபாவளிக்கு வெடி கிடையாது. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம். இமயமலைக்கு மேலே பறந்து வருகிற வரித்தலை வாத்து அந்தச் சின்ன ஊரில் வந்து இறங்குகிறது.

"எங்க ஊர்ப் பக்கம் பிரசவத்துக்கு வந்த பிள்ளையள மாதிரி பாப்பாவ" என்றாள் அத்தை, ரசம் ஊற்றிக்கொண்டே. "இவிய வெடி போட்டு வெரட்டுதாவ. பறவ வராத வருஷம் மழையும் வராதுன்னு எங்க அப்பா சொல்லுவாவ. சொன்னாக் கேட்டாத்தான? வெடிக்கு மட்டும் மாசம் ரெண்டாயிரம் ரூவா ஆவுது."

வெடிச் செலவு ரெண்டாயிரம் என்றதும் என்னுள் உறங்கிக் கிடந்த கணக்குப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தான். பேப்பர், பேனா வாங்கிக்கொண்டேன்.

"மாமா, நீர்க்காகம் இன்னைக்கு நாங்க பாத்தது சுமாரா நூத்தி நாப்பது. நீங்க சொன்னபடி தலைக்கு அரைக் கிலோன்னா ஒரு நாளைக்கு எழுபது கிலோ. நாலு மாசம் இருக்கும்னு வைங்க, 120 நாள். 8,400 கிலோ. போன வருஷம் நீங்க மொத்தம் எவ்வளவு பிடிச்சீய?"

"ஒரு மூவாயிரம் கிலோ இருக்கும்."

"அப்ப உங்க கணக்குப்படி குளத்துல மீன் மைனஸ்ல இருக்கு மாமா."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா அப்பளத்தை நொறுக்கினார்.

வாத்தியார் பக்குவமாக எடுத்துச் சொன்னார். குளத்தில் மிதக்கிற கூட்டத்தில் பாதிக்கு மேல் நாமக்கோழியும் வாத்தும். அதுகளுக்குப் பாசியும் தழையும் விதையும்தான் பிரதானம். அரிவாள் மூக்கனுக்குப் புழு, பூச்சி, நத்தை. நீர்க்காகம் மீன் தின்னும், மறுக்கவில்லை. ஆனால் அதன் தொண்டைக்குப் பொருந்துவது சின்ன மீன்தான். அதில் யாரும் விடாமலே பெருகிக் கிடக்கிற ஜிலேபிக் கெண்டையும் உண்டு. குஞ்சை விரல் நீளத்தில் குளத்தில் விடாமல், ஒரு மூலையில் வலை போர்த்தி வளர்த்துக் கொஞ்சம் பெரிசாக்கி விட்டால் சேதம் குறையும்.

"வலைக்கு யாரு துட்டு தருவா?" என்றார் மாமா. நியாயமான கேள்வி. யாரிடமும் பதில் இல்லை.

கை கழுவும்போது மாமா சாதாரணமாக ஒன்று சொன்னார். "எல்லாம் வர்ற மாசம் சரியாயிரும். மரத்த வெட்டப் போறாவ. மரம் போனா இந்தச் சனியனும் போயிரும்."

வாத்தியாரின் முகம் வெளுத்துவிட்டது. திரும்பிக் குளத்துக்கு ஓடினோம். காலையில் கூட்டைப் பார்த்த நாங்கள் மரத்தின் அடியைப் பார்க்கவில்லை. கரையோர மரங்களில் பட்டையைச் செதுக்கி வெள்ளை பெயின்ட்டில் நம்பர் போட்டிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு குளம் யாருக்குச் சொந்தம்? சுலபமான கேள்வி மாதிரி இருக்கும். தண்ணீரும் மடையும் நீர்வளத் துறைக்கு. குளத்துக்குள் நிற்கிற கருவேலம் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்டது, எண்பதுகளில் சுவீடன் நாட்டு உதவியோடு இந்த மாதிரி ஏரி, குளங்களில் ஏராளமாக நட்டார்கள், அது வனத்துறை. மரத்தை ஏலம் விட்டால் வருகிற பணத்தில் பஞ்சாயத்துக்குப் பங்கு. மீன் குத்தகைதாரருக்கு. நிலம் வருவாய்த் துறைக் கணக்கில் புறம்போக்கு. தண்ணீர் பாய்கிற வயல் ஆயக்கட்டு விவசாயிகளுக்கு. சாஸ்தா கோயில் ஊருக்கு. இத்தனை பங்காளிகள் இருக்கிற சொத்தில் பறவை யாருடையது என்று கேட்டால், ஒவ்வொரு ஆபீஸிலும் பக்கத்து ஆபீஸைக் கை காட்டினார்கள்.

நான் படித்த 1932ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. பங்காளிகளுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபத்திலும் நஷ்டத்திலும் எல்லோருக்கும் சம பங்கு. அதே சட்டத்தில் 30ஆவது பிரிவு ஒன்று உண்டு. பரீட்சைக்குத் தவறாமல் வரும். மைனர் ஒருவன் பங்காளி ஆக முடியாது. ஆனால் எல்லாப் பங்காளிகளும் சம்மதித்தால் லாபத்தில் மட்டும் அவனைச் சேர்த்துக்கொள்ளலாம். கடனுக்கு அவன் சொந்தப் பொறுப்பாளி ஆக மாட்டான். பருவம் வந்ததும் பங்காளியாக இருக்கிறேனா, விலகுகிறேனா என்று முடிவு சொல்ல அவனுக்கு ஆறு மாசம் அவகாசம். அக்டோபரில் வந்து மார்ச்சில் போகிற வெளியூர் வாத்து ஞாபகம் எனக்கு வந்ததா, இல்லையா சொல்லுங்கள்! வருவது, தின்பது, கூடு கட்டுவது, கடனுக்குப் பொறுப்பில்லாமல் பறப்பது. எங்கள் குளத்தில் ஆயிரத்துச் சொச்சம் மைனர்கள். அதில் சங்குவளை நாரை நிஜமாகவே மைனர் மாதிரிதான் நடக்கும்.

"எல்லாப் பங்காளியும் சம்மதிச்சால்" என்பதில்தான் சிக்கல்.

கூடு இருக்கும்போது மரத்தை வெட்டக் கூடாது என்பதற்குச் சட்டம் உண்டு. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் துப்பாக்கி எடுத்துச் சுடுவது மட்டுமில்லை. பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டைதான். வாத்தியார் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மனு எழுதுகிற வேலை எனக்கு. பொருள், பார்வை, இணைப்பு என்று அழகாகப் போட்டு எழுதினேன். இணைப்பில் எங்கள் பறவைக் கணக்கு. எந்த மரத்தில் எத்தனை கூடு என்று நம்பர் வாரியாக. மரத்துக்கு நம்பர் போட்டுக் கொடுத்தவர்களுக்கு நன்றி, எங்களுக்கு வேலை மிச்சம்.

ஏலத் தீர்மானத்தின் நகல் வேண்டுமென்று பஞ்சாயத்து ஆபீஸுக்கு நான் தனியாகப் போனேன். ஃபைல் ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டுவிட்டு, "பாத்துட்டு வைங்க சார்" என்று டீ குடிக்கப் போனார் அங்கிருந்தவர். ஏழு வருஷ ஆடிட் பழக்கம் சும்மா விடுமா? முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன்.

முதல் காகிதம். பல்லுயிர் மேலாண்மைக் குழு உறுப்பினர் பட்டியல். 2002ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் இப்படி ஒரு குழு இருக்க வேண்டும். ஊரில் என்னென்ன மரம், செடி, மீன், பறவை இருக்கிறதென்று மக்களைக் கேட்டுப் பதிவேடு எழுத வேண்டும். காப்பாற்றவும் வேண்டும். எங்கள் ஊரிலும் குழு இருந்தது! காகிதத்தில். உறுப்பினர் வரிசையில் நாலாவது பெயர்... என் மாமா. அவருடைய கோணல் கையெழுத்து. ஏதோ ஆயக்கட்டுக் கூட்டத்தில் வருகைக்குக் கையெழுத்து என்று வாங்கியிருப்பார்கள் போல.

சிரித்துக்கொண்டே அடுத்த காகிதத்தைப் புரட்டினேன். சிரிப்பு நின்றது. "குளத்தினுள் உள்ள கருவேல மரங்கள் வலை வீச இடைஞ்சலாக உள்ளபடியால் அவற்றை ஏலமிட்டு அகற்றித் தருமாறு..." கீழே அதே கோணல் கையெழுத்து.

மரத்தை வெட்டச் சொல்லிக் கேட்டவரே மாமாதான். ஒரே ஃபைலில் ஒரே ஆள், காப்பாற்றுகிற குழுவிலும் கையெழுத்து, வெட்டச் சொல்கிற மனுவிலும் கையெழுத்து. ஆடிட்டர் ஆபீஸில் இப்படி ஒன்று கிடைத்திருந்தால் எனக்கு அன்று பிரியாணி வாங்கிக் கொடுத்திருப்பார்கள். இது மாமா. சின்ன வயதில் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு இதே குளத்தில் நீந்தினவர்.

முதல் காகிதத்தை மட்டும் செல்போனில் படம் எடுத்தேன்.

"வேற ஏதும் இருந்துச்சா?" என்றார் வாத்தியார்.

"இல்ல."

அன்று ராத்திரி மாமா வீட்டுத் திண்ணையில் வைத்து அவரிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அந்தக் காண்ட்ராக்டர்தான் எழுதிக் கொண்டாந்தான். மரம் போச்சுன்னா மீன் கூடும், வேருக் கட்டை பூரா உனக்குன்னான். உங்க அத்த செயினத் திருப்பிரலாம்னு பாத்தேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "இத எத்தன பேருக்குச் சொல்லியிருக்க?" என்றார்.

"யாருக்கும் சொல்லல மாமா."

"சொல்லாம எதுக்கு எங்கிட்ட வந்த? பயமுறுத்தவா?"

எழுந்து உள்ளே போய்விட்டார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. காலையில் எங்கம்மா போன். "என் தம்பி வயித்துல அடிக்கதுக்கா ஒன்னைய பி.காம். படிக்க வச்சேன்? கொக்குக்கு இருக்க பாசம் மாமனுக்கு இல்லையாடா?" மூன்று வாரம் மாமா என்னோடு பேசவில்லை. என் மனுவுக்கும் பதில் வரவில்லை. இரண்டில் எது அதிகம் உறுத்தியது என்று கேட்டால், சத்தியமாக மாமாதான். ஜனவரியில் எனக்கு அறிமுகமான நாரைக்காக, முப்பத்தைந்து வருஷ மாமாவைக் கெடுத்துக்கொண்டேனே என்று ராத்திரி தூக்கம் வராது. அடுத்த நிமிஷம் அந்த மேல்மாடிக் கூடுகள் ஞாபகம் வரும். அப்புறமும் தூக்கம் வராது.

பிப்ரவரிக் கடைசியில் சாஸ்தா கோயில் முன்னால் கூட்டம். பஞ்சாயத்துக்காரர்கள், வனத்துறையிலிருந்து ஒருவர், நீர்வளத் துறையிலிருந்து ஒருவர், பிசான அறுப்பு வேலையில் பாதியில் எழுந்து வந்த விவசாயிகள், காண்ட்ராக்டர், வாத்தியார், நான். மாமா ஆலமரத்து வேரில் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

வாத்தியார் கணக்கைப் படித்தார். காண்ட்ராக்டர், "குத்தகைதாரரே வெட்டச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காருங்க" என்று ஆரம்பித்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமா எழுந்தார். "ஆமா, எழுதிக் குடுத்தேன். இல்லங்கல. ஆனா எனக்கு ஒரு விவரம் தெரியணும். இந்தப் பல்லுயிர்க் கமிட்டியில என் பேரப் போட்டிருக்கீயளே, என்னைய யாருலே கேட்டா?"

பஞ்சாயத்துத் தரப்பில் ஒரே மௌனம்.

"நாலு வருஷமா நான் மெம்பரு. எனக்கே தெரியாது! எம் மருமவன் வந்து சொல்லுதான். பொண்ணு பாக்காம தாலி கட்டுன மாதிரி. சரி, கட்டியாச்சு. மெம்பருன்னா மெம்பருதான? அப்ப மெம்பருங்கற முறையில சொல்லுதேன். குஞ்சு இருக்க மரத்துல கோடாலி வைக்கப்படாது. குஞ்சு பறந்த பெறவு, கூடு இல்லாத மரமாப் பாத்து என்ன வேணும்னாலும் செய்யுங்க. குத்தகைக்காரங்கற முறையில குடுத்த மனுவ நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன்."

பறவை மேல் வந்த கருணை இல்லை அது. தன்னைக் கேட்காமல் தன் பெயரை எழுதினார்களே என்கிற ரோஷம்! இருந்தால் என்ன? கூட்டம் மாமா பக்கம் சாய்ந்துவிட்டது. வண்டல் பற்றி இரண்டு விவசாயிகள் பேசினார்கள். மரம் நிற்பதால் கரையில் அலை அடிப்பது குறைகிறது என்று ஒரு பெரியவர் சொன்னார். வனத்துறைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டார். மார்ச்சில் உத்தரவு வந்தது: கூடு காலியாகும் வரை ஏலம் நிறுத்தி வைப்பு; அதன் பிறகும் கரையோரத்தில் கூடு இல்லாத மரங்கள் மட்டும்.

எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். காண்ட்ராக்டர் மாமாவுக்கு வெளியில் கொடுத்திருந்த பத்தாயிரம் ரூபாய் கைமாற்றை மறுநாளே கேட்டு வாங்கிக்கொண்டார். கோடைக்கு முன்னால் மாமா பிடித்த மீன் போன வருஷத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். செயின் இன்னும் பாங்கில். வலை வாங்க நானும் வாத்தியாரும் கொஞ்சம் போட்டோம். மூலையில் வலை கட்டிக் குஞ்சு வளர்க்கிறார். வெடியை முழுசாக விடவில்லை. "வலைக்குப் பக்கத்துல வந்தா மட்டும் ஒண்ணு போடுவேன். அதுவும் சின்ன வெடி. மெம்பரா இருக்கவன் அணுகுண்டு போட்டா நல்லாவா இருக்கும்?" என்கிறார்.

(இரண்டாவது காகிதத்தைப் பற்றி வாத்தியாரிடம் நான் சொன்ன பொய்யைக் கூட்டத்தில் காண்ட்ராக்டரே உடைத்துவிட்டார். ஆனால் அதை முன்னாலேயே நான் பார்த்திருந்தேன் என்பது வாத்தியாருக்கு இன்று வரை தெரியாது. அவர் இந்தப் பத்திரிகையின் வாராந்திர வாசகர். சாரி சார்.)

மே மாசம் ஒரு காலை ஆறு மணிக்கு மாமா போன் பண்ணினார்.

"மருமவனே, மேலத்தட்டுல இருக்கே நீள மூக்கு, ரோஸ் கலர்... அது எத்தனன்னு எழுதுன ஜனவரியில?"

"நாப்பத்தாறு மாமா."

"தப்பு. குஞ்சோட சேத்து எழுபத்தி ரெண்டு இருக்கு. நான் ரெண்டு மட்டம் எண்ணிட்டேன்."

"ஜனவரியில குஞ்சு கிடையாதே மாமா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ நோட்டுல திருத்திக்க." கொஞ்சம் தயங்கினார். "அப்புறம்... அத்த செயினுக்கு இந்த மாசம் வட்டி கட்டணும்..."

"கட்டியாச்சு மாமா."

"சரி, வையி. வெயில் ஏறுது. கிழக்க உள்ளத இன்னும் எண்ணல."